சர்க்கரை பூசிய பங்களா

என் மகள் கொய்யா மரத்திலிருந்து விழவில்லை. குதித்து இறங்கினாள். இன்றுவரை அவள் அப்படித்தான் சொல்கிறாள். விழுவது வேறு, இறங்குவது வேறு என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடமே விளக்கம் கொடுத்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இறங்கிய காலுக்கு முட்டிவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவைத்தார்.

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மறையூரில் ஜீப் ஓட்டுகிறேன். என் எழுத்தில் அங்கங்கே வளைவும் மேடும் வந்தால் மலைப்பாதை என்று நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால் உடைந்த நேரம் சரியில்லாத நேரம். எங்கள் ஊருக்கு மேலே, கரும்புக் காட்டைத் தாண்டி, மலைச்சரிவில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. இரண்டடி கனத்தில் சுவர், சிவப்புத் தகரக் கூரை, குளிர் காய அடுப்பு வைத்த அறைகள், கூரைக்கு மேலே இரண்டு புகைக்கூண்டு. இப்போது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. என் மகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவதாக டீச்சர் சொல்லியிருந்தார். அங்கே நின்று பங்களாவைப் பற்றி எல்லாருக்கும் விளக்கிச் சொல்லும் வேலை என் மகளுக்கு. அவள் அதைக் கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டாள். ஊரில் பாதிப் பேரிடம் போய்ப் பங்களாவைப் பற்றி விசாரித்தாள். காலையில் அடுப்படியில் அம்மாவுக்கும், மாலையில் கொல்லையில் கோழிகளுக்கும் பேசிக் காட்டினாள். கோழிகள் பாதியில் எழுந்து போனால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்த நிலையில்தான் கொய்யாப்பழம் பறிக்க மரம் ஏறியது.

டீச்சர் வீட்டுக்கு வந்து பார்த்தார். பாவம் பிள்ளே, வேறொரு பிள்ளையைப் பேசச் சொல்லிக்கலாம், நீ ஓய்வெடு என்றார். என் மகள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலுதான டீச்சர் ஒடஞ்சிருக்கு. வாயி நல்லாத்தான இருக்கு."

வாய் நன்றாகத்தான் இருந்தது. அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. ஆனால் பங்களாவுக்குப் போகிற பாதை, பாதை என்று பேர் வாங்கிய பாறை. ஜீப்பில் போனால் நல்ல காலே கழன்றுவிடும். டாக்டரும் காலை அசைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். டீச்சர் இதையெல்லாம் எடுத்துச் சொல்லச் சொல்ல என் மகளின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும் என்ன செய்வதென்று. அழவில்லை. கோழிகளுக்குச் சொன்ன பேச்சை உதட்டுக்குள்ளேயே ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்துவிட்டு என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"பங்களாவ நான் இங்க கொண்டாந்துர்றேன் டீச்சர்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் சொன்னது சின்னதாக ஒரு பங்களா, அச்சு அசலாக அதே மாதிரி செய்து வைப்பேன் என்பது. டீச்சர் யோசித்துப் பார்த்தார். பிள்ளைகள் மேலே போய்ப் பங்களாவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் நிற்கட்டும், இவள் அந்தச் சின்னப் பங்களாவை வைத்துக்கொண்டு பேசட்டும் என்றார். ஆனால் அது அன்றைக்குள் தயாராகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும், வேறொரு பிள்ளை மேலேயே பேசிவிடுவாள். அந்த வேறொரு பிள்ளையையும் மனப்பாடம் செய்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் டீச்சர் போனார். அது ரொம்ப நல்ல பிள்ளை. மரம் ஏறாது. என் மகளுக்கு அதுதான் பயம்.

மறுநாள் அளக்கிற டேப் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு மேலே போனேன். பங்களாவுக்கு ஒரு வாட்ச்சர் உண்டு. வயசானவர். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நான் வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கேட்டுக்கு அந்தப்பக்கம் கால் வைக்க விட்டதில்லை. அன்றைக்கு என் கையில் டேப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆபீஸிலிருந்து ரிப்பேர் வேலைக்கு அளந்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

நான் உண்மையைச் சொன்னேன். மகளுக்குப் பொம்மை பங்களா செய்யப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"சரி சரி. யாரு அனுப்புனாகன்னு நான் கேக்கல. ஒழுகுற எடத்த மட்டும் காட்டிர்றேன், அதையும் எழுதிக்கங்க."

பூட்டியிருந்த அறையெல்லாம் எனக்காகத் திறந்தார். ஒவ்வொரு அறையிலும் நான் தரையை அளக்க, அவர் கூரையைக் காட்டினார். சாப்பாட்டு அறையில் மூலையில் ஒழுகும், படுக்கை அறையில் நடுவில் ஒழுகும், புகைக்கூண்டு ஓரத்தில் மழை பெய்தால் குடை பிடிக்க வேண்டும். டேப்பின் மறுமுனையையும் அவரே பிடித்தார். இப்படி ஒரு கவனிப்பு எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை. கடைசியில் சுவரைத் தட்டிக் காட்டி, இது என்ன பூச்சு தெரியுமா என்று கேட்டார். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றி அரைத்துப் பூசியது, அதனால்தான் இத்தனை மழைக்கும் சுவர் நிற்கிறது என்றார். எங்கள் ஊரில் வெல்லத்தைச் சர்க்கரை என்றுதான் சொல்வோம். மறையூர்ச் சர்க்கரை என்றால் வெளியூரிலும் பேர் உண்டு. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. கொஞ்சம் என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையைத்தான் நான் மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். நிஜத்தில் ஒரு அடி இருந்தால் பொம்மையில் அரை அங்குலம். நாற்பதடி முகப்பு இருபது அங்குலம் ஆனது. இரண்டடிச் சுவர் ஒரு அங்குலம் ஆனது. கணக்கு என் மகள் போட்டாள், நான் சரி என்று சொன்னேன். அவளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. படுத்துக்கொண்டே வீட்டிலிருந்த எல்லாவற்றையும் சுருக்கினாள். அவளுடைய அம்மா ஐந்தடி, அதனால் இரண்டரை அங்குலம். காகிதத்தில் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு அம்மாவை வெட்டி எடுத்தாள். கையில் கரண்டியும் வைத்தாள்.

அம்மாக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பங்களாவில் அடுப்படி எங்கே என்று கேட்டாள். பின்னால் தனியாக, சின்னதாக இருக்கிறது என்றேன்.

"எனக்குத்தான் வாய்க்கல. இந்த ரெண்டரை அங்குலத்துக்காச்சும் அடுப்படியக் கொஞ்சம் பெருசாக் கட்டுங்க."

அச்சு அசலாகச் செய்ய வேண்டும், மாற்றக் கூடாது என்றேன். இருபது வீட்டுக்காரிகள் கட்சி சேர்ந்து கேட்டாலும் மாற்ற மாட்டேன் என்றேன். அன்று மதியம் சாப்பாடு கொஞ்சம் தாமதமாக வந்தது.

என் மனைவிக்கு ஒரு அண்ணன் உண்டு. கரும்புக் காட்டுக்கு நடுவே ஆலைக்கொட்டகை வைத்துச் சர்க்கரை காய்ச்சுகிறவர். தினமும் சாயங்காலம் வந்து பங்களா வேலையைப் பார்வையிடுவார். படுக்கை அறையோடு ஒட்டி ஒரு பாத்ரூம் போடச் சொன்னார். கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார். வாசல் கிழக்கே பார்க்கிற மாதிரி மேசையைத் திருப்பச் சொன்னார். மேசையைத் திருப்பினால் டிவி மறைந்தது. அதனால் பங்களா வடக்கே பார்த்துக்கொண்டது, அவரும் சும்மா இருந்துகொண்டார்.

சுவருக்கு, புது டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மாகோல். அது சரியாக ஒரு அங்குல கனம் இருந்தது. கூரைக்குத் தகரம் வளைக்க என்னால் முடியவில்லை. அட்டைப்பெட்டியின் மேல்தாளைத் தண்ணீரில் நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக ஒரு அட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? சிவப்புப் பெயிண்ட் அடித்தால் அசல் தகரக் கூரை. உள்ளே பார்க்க வசதியாகக் கூரையைத் தனியாகத் தூக்கி எடுக்கிற மாதிரி செய்தேன்.

சன்னல் கண்ணாடிதான் திண்டாட்டமாக இருந்தது. பாலிதீன் சுருங்கியது. கண்ணாடி வெட்ட எனக்குத் தெரியாது. என் மகள் தலையணைக்கு அடியிலிருந்து அவளுடைய எக்ஸ்ரேயை எடுத்துக் கொடுத்தாள். கட்டுப் போடுவதற்கு முன்னால் எடுத்தது ஒன்று, போட்ட பிறகு எடுத்தது ஒன்று, இரண்டு இருந்தன. பழையது இனிமேல் எதற்கு என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. எக்ஸ்ரேயில் மற்ற இடமெல்லாம் கறுப்பு, எலும்பு இருக்கிற இடத்தில்தான் வெளிச்சம் வரும். அதனால் கண்ணாடி முழுவதையும் எலும்பு இருந்த இடத்தில் வெட்டினோம். வெளிச்சத்துக்கு நேரே வைத்தால் சாப்பாட்டு அறை சன்னலில் கணுக்கால் தெரியும். பழக்கத்தில் அதுவும் ஒரு பூவேலை மாதிரி ஆகிவிட்டது.

கடைசி வேலை பூச்சு. தெர்மாகோலில் சுண்ணாம்பு நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்துச் சுவர் முழுவதும் சுற்றினேன். என் மகள் தன் காலையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டுக்கும் மாவுக்கட்டா? அது எந்த மரத்துல இருந்து எறங்குச்சு?"

அசல் பூச்சுதான் பூசுவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பெயிண்ட் அடித்துவிட்டுப் போகலாம் என்று மனைவி சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்து, நீங்களும் விளையாடப் போயிருப்பீர்கள். சுண்ணாம்பு நீற்றினேன். ஆற்று மணலைச் சலித்தேன். கடுக்காயை ஊறவைத்தேன். சர்க்கரைத் தண்ணீருக்கு மனைவியின் அண்ணனிடம் கொஞ்சம் உடைத்த சர்க்கரை கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மறையூரில் இருந்துகொண்டு சர்க்கரையைக் கொஞ்சமாகக் கேட்பதா? வெளியூர்க்காரன் காசு கொடுத்து வாங்கிப் போட்டதே அத்தனை காலம் நிற்கிறது என்றால், நம்மூர்ச் சரக்கை நாமே போட்டால் எப்படி நிற்கும் என்று கேட்டார். கொப்பரையிலிருந்து சூடான பாகாகவே ஒரு தூக்குப்பாத்திரம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. அந்த வாசனையில் எனக்கும் புத்தி கொஞ்சம் மயங்கிவிட்டது. முழுவதையும் ஊற்றினோம்.

பூச்சு அருமையாக ஒட்டியது. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. என் மகள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, சாப்பாட்டு அறையைவிடப் படுக்கை அறை ருசி என்று சொன்னாள். அதன் மேல் இரண்டு தடவை வெள்ளையடித்தேன். அடித்த வெள்ளையில் அங்கங்கே டீ சிந்தின மாதிரி பழுப்புத் தெரிந்தாலும், பழைய பங்களாதானே, அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். புகைக்கூண்டு வைத்து, கூரை மூடி, சன்னலோரம் ஸ்டூலில் வைத்தோம். நாங்கள் மூன்று பேரும் எட்ட நின்று பார்த்தோம். மகள் மட்டும் எட்டப் படுத்துப் பார்த்தாள். அவள் பேச்சைத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை கோழிகள் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் வருவதற்கு முதல்நாள் சாயங்காலம் நான் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. அதனாலேயே ஓடினேன்.

"அப்பா. செவரு நகருது."

வெள்ளைச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. சன்னலில் இறங்கி, ஸ்டூல் காலில் ஏறி, பங்களாவின் முன்வாசல் வழியாக மரியாதையாக உள்ளே போனது. கூரையைத் தூக்கினேன். ஊரிலுள்ள எறும்பெல்லாம் அங்கே இருந்தது. சாப்பாட்டு அறையில் நெரிசல். படுக்கை அறையில் இடமில்லை. குளிர் காயும் அடுப்புக்குள்ளேயும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

எறும்புப் பொடி போடலாம் என்றேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு எறும்பாக இருந்தால் போடுங்கள், இது கறுப்பு எறும்பு, சாமி எறும்பு, வீடு தேடி வந்ததைக் கொல்லக் கூடாது என்றாள். நாளைக்குப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற பொருளில் விஷம் போடுவதா என்றும் கேட்டாள். சாப்பாட்டு அலமாரிக்குச் செய்வதையே செய்தேன். ஸ்டூலின் நாலு காலையும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினேன். இனி ஒரு எறும்பு ஏற முடியாது என்று பெருமையாகச் சொன்னேன்.

மகள் தலையைத் தூக்கிக் கிண்ணங்களை எட்டிப் பார்த்தாள்.

"சரிப்பா. உள்ள இருக்கவுக எப்பிடி வீட்டுக்குப் போவாக?"

நான் அதை யோசிக்கவில்லை. வெளியே போகக் கிளம்பிய எறும்புகள் ஸ்டூல் கால் வரைக்கும் வந்து, தண்ணீரைப் பார்த்துவிட்டு, திரும்பப் பங்களாவுக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பொம்மலாட்டம் பார்க்க வந்தவர் மாதிரி மனைவியின் அண்ணன் அந்நேரம் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை.

"பாத்தியா மாப்ள. எறும்புக்கே தெரியுது எந்தூருச் சரக்குன்னு."

பூச்சைச் சுரண்டலாம் என்று சுவரோரத்தில் கத்தியை வைத்தேன். வேட்டித்துணியும் சேர்ந்து உரிந்து வந்தது. முழுவதையும் சுரண்டினால் விடிவதற்குள் பங்களாவே மிஞ்சாது. தயாராகவில்லை என்றால் முதல்நாளே சொல்லிவிட வேண்டும் என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"போன வைங்கப்பா."

திரும்பாமலே சொன்னாள். வைத்துவிட்டேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் மூன்று ஜீப்பில் பிள்ளைகளை ஏற்றினோம். முன்னால் போனது என் ஜீப். எனக்குப் பக்கத்தில் அந்த வேறொரு பிள்ளை, மரம் ஏறாத பிள்ளை, உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தது. குழியில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் மனப்பாடம் விட்டுப்போய், திரும்பப் பிடித்துக்கொண்டு வந்தது. பாதி ஏற்றத்தில் என் கையைத் தொட்டது.

"மாமா, அவ கண்டிப்பாப் பேசிருவாள்ல? எனக்கு நின்னு பேசுனா வயித்தக் கலக்கும்."

பேசுவாள் என்றேன். எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வயிற்றைக் கலக்க வேண்டாம், ஒருவருக்குப் போதும்.

மேலே போனால் பங்களாவின் உள்அறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. யாரோ ஆபீசர் வந்து தங்கியிருக்கிறாராம். வராந்தாவரைக்கும்தான் அனுமதி. பிள்ளைகள் வராந்தாவில் நின்று சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், உள்ளே திரை போட்டிருந்தது. பூச்சில் சர்க்கரை உண்டு என்று ஊரில் கேள்விப்பட்டிருந்த ஒருவன் சுவரை நகத்தால் கீறி நக்கிப் பார்த்துவிட்டு, சர்க்கரையெல்லாம் சும்மா சொல்கிறார்கள் என்றான். வாட்ச்சர் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும், ரிப்பேர் வேலை எப்போது ஆரம்பிக்கும் ஐயா என்று கேட்டார். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கேயே பேசட்டுமா என்று மரம் ஏறாத பிள்ளை கேட்டது. பூட்டிய வீட்டைப் பற்றி என்ன பேச, கீழே போகலாம் என்றார் டீச்சர்.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினேன். பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். நான் சாவியை எடுக்கிற மாதிரி, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, கொஞ்சம் நேரம் கடத்தினேன். பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

மகளை நாற்காலியில் உட்காரவைத்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிவைத்திருந்தார்கள். இரட்டைச் சடை, ரிப்பன். கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. பங்களா நடுவில் இருந்தது. நாலு கிண்ணமும் ஸ்டூல் காலில் இல்லை. எறும்புகள் சன்னலுக்கும் பங்களாவுக்கும் சாலை போட்டு, போவதும் வருவதுமாக இருந்தன. யாரும் எதையும் மறைத்து வைக்கவில்லை.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்றாள். "இன்னிக்குப் பங்களாவுல விருந்தாளிக தங்கிருக்காக. சத்தம் போடாமப் பாக்கணும்."

கூரையைத் தூக்கினாள். பூட்டிய கதவையும் திரையையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். இவர்கள் முன்வாசல் வழியாக வருகிறார்கள், இது கூடம். இங்கே கோட்டைக் கழற்றி மாட்டுவார்கள், இவர்களுக்குக் கோட்டு இல்லை. இது சாப்பாட்டு அறை, இதனால்தான் கூட்டம். இது குளிர் காயும் அடுப்பு, புகை இப்படி மேலே போகும். சாப்பாடு உள்ளே சமைக்க மாட்டார்கள், பின்னால் தனி அடுப்படி, அங்கிருந்து இந்த வழியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு எறும்பு அடுப்படிப் பக்கமிருந்து தன்னைவிடப் பெரிய சுண்ணாம்புத் துணுக்கைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகவே வந்தது. வகுப்பே மூச்சு விடாமல் பார்த்தது. இரண்டரை அங்குல அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். உயரத்தையும் அகலத்தையும் அந்த அம்மாவை வைத்துத்தான் மகள் விளக்கினாள்.

சுவரை நக்கிய பையன் கையைத் தூக்கினான். எறும்பு ஏன் வந்தது என்று கேட்டான்.

"பூச்சுல சர்க்கரை இருக்கு. நீ மேல பாத்துட்டு வந்த செவுத்துலயும் இருக்கு. அங்க போட்டது அளவு. இங்க போட்டது எங்க மாமா."

அவளுடைய மாமா பின்வாசலில் நின்று தலையை நிமிர்த்திக்கொண்டார். இன்னொரு பிள்ளை சன்னலைக் காட்டி, இதென்ன வெள்ளையாக என்று கேட்டது. அது என் கால் என்றாள், குச்சியை அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டாள்.

அப்படியானால் மேலே இருக்கிற சுவருக்கு ஏன் எறும்பு வருவதில்லை என்று டீச்சர் கேட்டார். என் மகள் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவள் மாமாவைப் பார்த்தேன். அது பழைய சர்க்கரை என்றார் அவர்.

பேச்சு முடிந்ததும் மனைவி எல்லாருக்கும் கையில் ஒரு துண்டு சர்க்கரை கொடுத்தாள். பிள்ளைகள் ஜீப்பில் ஏறினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. உள்ளே போனேன். மரம் ஏறாத பிள்ளை என் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. இம்புட்டையும் மனப்பாடம் பண்ணினேன், வீணாகப் போய்விட்டது என்று சொன்னதாம். வீணாக ஏன் போகிறது, என்னிடம் சொல்லு, வயிற்றைக் கலக்காது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னது. என் மகள் நாலு இடத்தில் நிறுத்தித் திருத்தினாள். வெளியே ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. நானும் வாசலில் நின்று முழுவதையும் கேட்டேன். அந்தப் பிள்ளையும் நன்றாகத்தான் சொன்னது. இதை என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வாரத்திலேயே எறும்புகள் பூச்சைத் துளைத்துத் துளைத்துத் தின்று, மிச்சத்தை உதிர்த்துவிட்டுப் போய்விட்டன. பங்களா இப்போது வேட்டித்துணிக் கட்டோடுதான் நிற்கிறது.

பிறகு ஒருநாள் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக ஒரு படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, முதலில் எடுத்த படத்தையும் கொடுங்கள், இரண்டையும் வைத்துப் பார்க்கலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். மகள்தான் பதில் சொன்னாள்.

"அது சன்னல்ல இருக்கு டாக்டர்."

அடுத்த தடவை போனபோது பங்களாவை மடியில் வைத்துக்கொண்டு போனோம். டாக்டர் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்தார். பங்களாவை இரண்டு கையாலும் விளக்குக்கு நேரே பிடித்து, கூடத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தார். சாப்பாட்டு அறைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நின்றார். இந்த இடத்தில்தான் உடைந்தது என்றார். பிறகு அடுப்படி ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டார்.

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.